தாழ் திறக்கும் தாழ்மை

ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவைப்பது சில ஆண்டுகளாக என் வேலையாக இருந்தது. யாரும் ஒப்படைத்த வேலை அன்று. ஒருநாள் ஆள் இல்லையே என்று செய்தேன், அடுத்த வாரம் அதுவே பழக்கமாகிவிட்டது. அப்படி அடுக்கிக்கொண்டிருந்த ஒருநாளில்தான், மருத்துவமனைக்குப் போய் நோயாளிகளைப் பார்த்து ஜெபித்துவரும் சிறு குழுவை நடத்திவந்த ஓர் அக்கா என்னிடம் வந்து, "தம்பி, சனிக்கிழமை சாயங்காலம் எங்களோடு வர முடியுமா?" என்று கேட்டார். நான் கையிலிருந்த நாற்காலியைக் கீழே வைத்துவிட்டு, இந்தக் கேள்விக்காகவே பல நாள் ஒத்திகை பார்த்திருந்தவனைப் போல, "அக்கா, அதற்கெல்லாம் நான் தகுதியானவன் அல்ல. கோர்வையாக ஜெபிக்கக்கூட எனக்கு வராது. என்னைவிட விசுவாசத்தில் உறுதியானவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள்" என்றேன். அப்படிச் சொன்னபோது என் குரல் எனக்கே மிகவும் பிடித்திருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்ள வேண்டும். அவர் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. "தகுதி இருக்கிறதா என்று நான் கேட்கவில்லையே தம்பி. நேரம் இருக்கிறதா என்றுதான் கேட்டேன்" என்றார்.

நேரம் இருந்தது. ஆனாலும் அந்தச் சனிக்கிழமை நான் போகவில்லை.

அந்த ஒரு வாக்கியம் பல ஆண்டுகளாக என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. அவர் கேட்டது படுக்கையில் கிடப்பவர்களைப் பற்றி. நான் பதில் சொன்னதோ முழுக்க முழுக்க என்னைப் பற்றி. "நான் ஒன்றுக்கும் உதவாதவன்" என்று சொன்னாலும் அந்த வாக்கியத்தின் எழுவாய் 'நான்' தான் என்பதற்கு இலக்கணப் புலமை தேவையில்லை. கடவுளின் அழைப்பைக் கேட்கவிடாமல் நம் காதை அடைப்பது ஆணவம் என்று பிரசங்கங்களில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். அந்த ஆணவமே தாழ்மையின் உடுப்பைப் போட்டுக்கொண்டு வந்து நிற்கும்போதுதான் அடையாளம் தெரிவதில்லை. மெய்யான தாழ்மை தன் தகுதியை மட்டுமல்ல, தன் தகுதியின்மையையும் எண்ணிக்கொண்டிருப்பதில்லை என்றும், அதனால்தான் அதற்குக் கூப்பிடும் குரல் கேட்கிறது என்றும் நான் மெல்ல மெல்லத்தான் புரிந்துகொண்டேன்.

தமிழில் 'தாழ்' என்றால் குனிந்து இறங்குவது. கதவை உள்ளிருந்து பூட்டும் தாழ்ப்பாளுக்கும் அதே பெயர்தான். இரண்டுக்கும் சொற்பிறப்பில் என்ன உறவு என்பதை மொழியறிஞர்களுக்கு விட்டுவிடுகிறேன். ஆனால் தாழ்மையைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் இந்த இரண்டு பொருளும் சேர்ந்தே எனக்கு வந்து நிற்கின்றன. பழைய கதவுகளில் தரையோடு பதியும் கீழ்த்தாழ் ஒன்று இருக்கும். நிமிர்ந்து நின்றபடி அதை நீக்க முடியாது.

அழைக்கப்பட்டவர்களின் வரிசையில் என்னைப் போலவே பதில் சொன்ன ஒருவர் வேதாகமத்தின் தொடக்கத்திலேயே இருக்கிறார். மாமனாருடைய ஆடுகளை மேய்த்துக்கொண்டு ஓரேப் மலைக்கு வந்த மோசே, எரிந்தும் வெந்துபோகாத முட்செடியின் நடுவிலிருந்து தன் பெயர் சொல்லி அழைக்கப்படுகிறான். எகிப்தில் அடிமைப்பட்டிருக்கும் உன் ஜனங்களை மீட்கப் போ என்ற கட்டளைக்கு அவன் முதலில் சொல்வது, "நான் எம்மாத்திரம்?" என்பது. இதற்குக் கிடைக்கும் பதிலைக் கவனிக்க வேண்டும். 'உன் திறமை உனக்கே தெரியவில்லை' என்று கர்த்தர் அவன் முதுகில் தட்டிக்கொடுக்கவில்லை. அரண்மனையில் வளர்ந்தவனல்லவா நீ என்று நினைவூட்டவும் இல்லை. அவனுடைய தகுதியைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல், "நான் உன்னோடே இருப்பேன்" என்கிறார். கேள்வி 'நான் யார்' என்று வந்தது, பதில் 'உன்னோடு யார்' என்று போயிற்று. மோசே விடுவதாக இல்லை: உம்முடைய நாமம் என்ன என்று கேட்டால் என்ன சொல்வேன், அவர்கள் என்னை நம்ப மாட்டார்களே, நான் திக்குவாய் உள்ளவனாயிற்றே என்று அடுக்கிக்கொண்டே போகிறான். இந்த நான்கு தடைக்கும் பொறுமையாகப் பதில் வருகிறது. ஐந்தாவதாக, வேறு யாரையாவது அனுப்பும் என்று அவன் சொல்லும்போதுதான் கர்த்தருக்குக் கோபம் மூள்கிறது. தயக்கத்தைப் பொறுத்துக்கொண்டவர், தயக்கம் மறுப்பாக மாறிய இடத்தில் பொறுத்துக்கொள்ளவில்லை.

இதே மோசேயைத்தான் எண்ணாகமம் 12ஆம் அதிகாரம், பூமியிலுள்ள சகல மனிதரிலும் மிகுந்த சாந்தகுணமுள்ளவன் என்று சொல்கிறது. அங்கே நிற்கும் எபிரெயச் சொல்லுக்குத் தாழ்மையுள்ளவன் என்றும் பொருள் உண்டு. இந்தப் பாராட்டு முட்செடியின் முன்னால் 'நான் எம்மாத்திரம்' என்று சொன்ன நாளில் அவனுக்குக் கிடைக்கவில்லை என்பது எனக்கு வெகுநாள் கண்ணில் படவே இல்லை. பல காலம் கழித்து, சொந்த அக்காவும் அண்ணனும் அவனுக்கு எதிராகப் பேசி, 'கர்த்தர் மோசேயைக்கொண்டு மாத்திரம் பேசினாரோ' என்று கேட்டபோது, அவன் தனக்காக ஒரு வார்த்தையும் வாதாடாமல் இருந்த இடத்தில்தான் அது எழுதப்பட்டிருக்கிறது. குஷ்டரோகம் பிடித்த அதே அக்காவுக்காக அவன் வாய்திறந்து மன்றாடுகிறான். ஆக, வேலையை மறுத்தவனுக்கு வேதாகமம் அந்தப் பெயரைக் கொடுக்கவில்லை. வேலையை ஏற்று, அதன் பாரத்தையும் அவமதிப்பையும் சுமந்தபோதுதான் கொடுத்தது.

மோசேயாவது கடைசியில் கோலை எடுத்துக்கொண்டு கிளம்பினான். இஸ்ரவேலின் முதல் ராஜாவான சவுலின் கதை இன்னும் நுட்பமானது; இந்த விஷயத்தில் எனக்கு அதிகம் கற்றுத்தந்தவனும் அவன்தான். தொலைந்துபோன கழுதைகளைத் தேடி வந்த இளைஞனிடம் தீர்க்கதரிசி சாமுவேல் ராஜ்யத்தைப் பற்றிப் பேசும்போது, நான் கோத்திரங்களில் சிறிதான பென்யமீனைச் சேர்ந்தவன், அதிலும் என் குடும்பம் அற்பமானது என்கிறான். ராஜாவைத் தெரிந்தெடுக்கப் போட்ட சீட்டு அவன்மேல் விழுந்து, அவனைத் தேடும்போது, ஆள் தளவாடங்களுக்கு நடுவே ஒளிந்திருக்கிறான். எவ்வளவு அடக்கமான பிள்ளை என்று நாம் நினைத்துக்கொள்வோம். நானும் அப்படித்தான் ஞாயிறு பள்ளியில் படித்தேன். ஆனால் ஐந்து அதிகாரங்கள் தள்ளி, அதே மனிதன் கர்மேலில் தனக்கு ஒரு ஜெயஸ்தம்பம் நாட்டுகிறான். தான் செய்த பிழைக்குக் காரணம் சொல்லும்போது ஜனங்களுக்குப் பயந்தேன் என்கிறான். பிழையை ஒப்புக்கொண்ட அதே மூச்சில், மூப்பர்களுக்கு முன்பாக என்னைக் கனப்படுத்தும் என்று கெஞ்சுகிறான்.

ஒளிந்துகொண்டவனும் ஸ்தம்பம் நாட்டியவனும் எப்படி ஒரே ஆளாக இருக்க முடியும் என்று முன்பு எனக்குக் குழப்பமாக இருந்தது. இப்போது இல்லை. தளவாடக் குவியலுக்குப் பின்னால் பதுங்கியவனுக்கு ஊர் என்ன நினைக்குமோ என்ற பயம். ஸ்தம்பத்தை நாட்டியவனுக்கு ஊர் நன்றாக நினைக்க வேண்டுமே என்ற ஆசை. இரண்டு சமயத்திலும் அவன் கண் ஊரின் முகத்தின் மேல்தான் இருந்தது. "நீர் உம்முடைய பார்வைக்குச் சிறியவராயிருந்தபோது" என்று சாமுவேல் பின்னாளில் அவனுக்கு நினைவூட்டுகிறார். தன் பார்வைக்குச் சிறியவனாக இருப்பது ஒரு தொடக்கம் மட்டும்தான்; அந்தப் பார்வை தன்மேலிருந்து விலகிக் கடவுளிடம் திரும்பாவிட்டால், சிறியவன் பெரியவனாகக் கிரீடம் ஒன்றே போதும். நாற்காலிகளுக்கு நடுவே நின்று நான் அக்காவிடம் சொன்ன பதிலைச் சவுலின் தளவாடங்களோடு சேர்த்துவைத்துப் பார்த்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

சரி, நல்ல விதமாகக் கேட்டவர்கள் யார்? சிறுவனாக ஆலயத்தில் வளர்ந்த நாட்களின் சாமுவேலையே எடுத்துக்கொள்வோம். கர்த்தருடைய வசனம் அபூர்வமாயிருந்த காலம் அது. ஆலயத்தில் விளக்கு இன்னும் அணையவில்லை, கண்பார்வை மங்கிய ஆசாரியர் ஏலி தன் இடத்தில் படுத்திருக்கிறார், பையனும் படுத்திருக்கிறான். கூப்பிடும் சத்தம் கேட்டு அவன் ஏலியிடம் ஓடுகிறான். நான் கூப்பிடவில்லை, போய்ப் படுத்துக்கொள் என்கிறார். மறுபடியும் கூப்பிடும் சத்தம், மறுபடியும் ஓட்டம். மூன்றாம் முறையும் அப்படியே. இந்தப் பிள்ளையிடம் ஆழ்ந்த ஆவிக்குரிய அனுபவம் எதுவும் இருந்ததாக அந்த அதிகாரம் சொல்லவில்லை. கர்த்தரை அவன் இன்னும் அறியவில்லை என்றே வெளிப்படையாகச் சொல்கிறது. அவனிடம் இருந்தது ஒன்றே ஒன்று: பார்வை மங்கிய ஒரு கிழவர் நடுராத்திரியில் கூப்பிட்டாலும் முணுமுணுக்காமல் எழுந்து ஓடும் வழக்கம். ஏலிக்காக எழுந்து பழகிய கால்கள்தான் கடவுளுக்காகவும் எழுந்தன. நான்காம் முறை அவன் சொன்ன "சொல்லும், அடியேன் கேட்கிறேன்" என்ற பதில் அந்தக் கால்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது என்றுகூடச் சொல்லத் தோன்றுகிறது.

(அடியேன் என்பது அடியிலிருந்து வந்த சொல், இன்னொருவருடைய காலடியில் நின்றுகொண்டு தன்னைக் குறிக்கும் சொல். எத்தனையோ நூற்றாண்டுப் பக்தி அந்த ஒரு சொல்லில் இறங்கியிருக்கிறது. இன்று அதை மேடையில் ஒலிபெருக்கிக்கு முன்னால் நிற்பவர்களிடம்தான் அதிகமும் கேட்கிறோம் என்பது வேறு கதை.)

அந்த இரவில் சாமுவேலைவிட என்னை நெகிழவைப்பவர் ஏலிதான். ஆசாரியர் அவர், ஆயுள் முழுவதும் ஆலயத்தில் கழித்தவர், குரல் வந்ததோ பக்கத்தில் படுத்திருந்த சிறுவனுக்கு. தன்னைத் தாண்டிப் போகிறது அழைப்பு என்று புரிந்துகொண்ட கணத்தில் அவர் அந்தக் குரலைச் சந்தேகப்பட்டிருக்கலாம், பையனை அதட்டித் தூங்கவைத்திருக்கலாம். அவர் அப்படிச் செய்யாமல், இனி கூப்பிட்டால் இப்படிப் பதில் சொல் என்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்து அனுப்புகிறார். விடிந்ததும், ஒன்றையும் மறைக்காதே என்று வற்புறுத்திக் கேட்டு, தன் குடும்பத்தின்மேல் வந்த தீர்ப்பை அந்தச் சிறுவனின் வாயாலேயே கேட்டு, "அவர் கர்த்தர், அவர் தமது பார்வைக்கு நலமானதைச் செய்வாராக" என்று ஏற்றுக்கொள்கிறார். பிள்ளைகளைக் கண்டிக்காத தகப்பன் என்ற குறை அவர்மேல் சரியாகவே இருக்கிறது. இருந்தாலும், தனக்கு வராத அழைப்பை இன்னொருவருக்கு அடையாளம் காட்டிக்கொடுக்கும் தாழ்மை ஒன்று உண்டு என்பதை ஏலியைத் தவிர வேறு யாரிடம் நான் இவ்வளவு தெளிவாகப் பார்க்க முடியும்? சபைகளில் இளையவர்கள் காது திறக்காமல் போவதற்கு, பல நேரங்களில், மூத்தவர்கள் 'நான் கூப்பிடவில்லை, போய்ப் படுத்துக்கொள்' என்பதோடு நிறுத்திக்கொள்வதே காரணம் என்று நினைக்கிறேன்.

6ஆம் நூற்றாண்டில் பெனடிக்ட் தம் துறவியருக்கு எழுதிவைத்த ஒழுங்குமுறையின் முதல் சொல்லே 'கேள்' என்பதுதான். தாழ்மைக்கு 12 படிகளை வகுத்த அதே நூலில், முக்கியமான காரியம் எதையும் தீர்மானிக்கும் முன் மடத்தில் உள்ள எல்லோரையும் கூப்பிட வேண்டும், ஏனெனில் நல்லது எது என்பதை ஆண்டவர் பெரும்பாலும் இளையவருக்கே வெளிப்படுத்துகிறார் என்றும் எழுதியிருக்கிறார். ஏலியின் இரவு அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும்.

மரியாளிடம் வந்தால், தாழ்மையைப் பற்றி நாம் வைத்திருக்கும் பல படங்கள் உடைந்துபோகின்றன. "இதோ, நான் ஆண்டவருக்கு அடிமை" என்ற பதிலை மட்டும் நினைவில் வைத்திருக்கிறோம், அதற்கு முன்னால், ஒரு குமாரனைப் பெறுவாய் என்று தூதன் சொன்னபோது, "இது எப்படியாகும்?" என்று அவள் நேராகக் கேட்டதை மறந்துவிடுகிறோம். கேள்வி கேட்பது பணிவுக்குக் குறைவு என்று அவள் நினைக்கவில்லை, தூதனும் நினைக்கவில்லை. பிறகு எலிசபெத்தின் வீட்டில் அவள் பாடும் பாட்டில், கடவுள் தம்முடைய அடிமையின் தாழ்மையை நோக்கிப்பார்த்தார் என்கிறாள். மூலமொழியில் அது ஒரு நற்குணத்தைக் காட்டிலும் அவளுடைய எளிய நிலையைக் குறிக்கும் சொல்; என் பணிவைப் பார்த்தார் என்று அவள் பெருமையடித்துக்கொள்ளவில்லை, பொருட்படுத்தப்படாத ஒருத்தியாகிய என்னைப் பார்த்தார் என்கிறாள். அடுத்த வரியிலேயே, எல்லாச் சந்ததிகளும் என்னைப் பாக்கியவதி என்பார்கள் என்று கூச்சமில்லாமல் சொல்லிவிடுகிறாள். நம்மில் ஒருவர் அப்படிச் சொன்னால் பக்கத்தில் இருப்பவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். தனக்கு நேர்ந்த பெரிய காரியத்தைச் சிறிதாக்கிக் காட்ட வேண்டிய தேவை மரியாளுக்கு இல்லை. அது தன்னுடையது அல்ல என்பது அவளுக்குச் சந்தேகமறத் தெரிந்திருந்தது.

கிரேக்க, ரோம உலகத்தில் 'தாழ்ந்த' என்பதற்கான சொல் பெரும்பாலும் வசைச்சொல்லாகவே புழங்கியது. அடிமைத்தனத்தின், இழிவின் வாடை அடித்த சொல் அது. அந்தச் சொல்லிலிருந்து பிறந்த மனத்தாழ்மையை அப்போஸ்தலன் பவுல் பிலிப்பி ஊர்ச் சபைக்கு எழுதிய நிருபத்தில் ஓர் ஆபரணத்தைப் போல எடுத்துக் கொடுக்கிறார் என்றால், அதற்குக் காரணம் ஒரே ஒரு சம்பவம்: தேவனுடைய ரூபமாயிருந்தவர் அடிமையின் ரூபமெடுத்து, சிலுவையின் மரணபரியந்தம் தம்மைத்தாமே தாழ்த்தினார். 'தம்மைத்தாமே' என்ற சொல்லில் கொஞ்சம் நிற்க வேண்டும். தாழ்தல் ஒருவர் தாமே செய்வது. தாழ்த்துதல் ஒருவர் இன்னொருவருக்குச் செய்யக்கூடியது. தன்னைத் தாழ்த்திக்கொள்ளும்படி கிறிஸ்து அழைக்கிறார். அடுத்தவரைத் தாழ்த்தும் உரிமையை அவர் யாருக்கும் கொடுக்கவில்லை. அதிகாரத்தில் இருப்பவர்கள், குரல் இல்லாதவர்களைப் பார்த்துத் 'தாழ்மையாயிரு' என்று உபதேசிக்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வருவது இதனால்தான். அந்த உபதேசத்தால் எத்தனை பெண்களின், எத்தனை எளியவர்களின் அழைப்பு வாசலிலேயே நசுக்கப்பட்டிருக்கிறது என்பதற்குக் கணக்கே இல்லை. தாழ்மையுள்ள மோசே பார்வோனுக்கு முன்னால் தலைகுனிந்து நிற்கவில்லை. மரியாளின் பாட்டிலும் பலவான்கள் ஆசனங்களிலிருந்து தள்ளப்படுகிறார்கள்.

தாழ்மைக்கு மறுபக்கமாக, பெற்றுக்கொள்வதும் ஒரு தாழ்மைதான். கடைசி இரவில் இயேசு சீலையை இடுப்பில் கட்டிக்கொண்டு கால் கழுவ வந்தபோது, "நீர் ஒருக்காலும் என் கால்களைக் கழுவப்படாது" என்று பேதுரு சொன்னது பார்ப்பதற்கு மிக அழகான பணிவு. அதற்குக் கிடைத்த பதில் கடுமையானது: நான் உன்னைக் கழுவாவிட்டால் என்னிடத்தில் உனக்குப் பங்கில்லை. மீன்கள் நிறைந்த படகில் முழங்காலில் விழுந்து, நான் பாவியான மனுஷன், என்னைவிட்டுப் போகவேண்டும் என்று சொன்ன நாளிலும் ஆண்டவர் விலகிப் போகவில்லை. பயப்படாதே என்று சொல்லிவிட்டு, வேலையைக் கொடுத்தார். அந்தப் பாவ அறிக்கை பொய் என்று அவர் சொல்லவில்லை. அந்த அறிக்கையை ஒரு தடையாகவே அவர் எண்ணவில்லை.

அழைப்பு என்ற சொல்லைக் கேட்டதும் அங்கி, பிரசங்கபீடம், முழுநேர ஊழியம் என்று நினைக்கப் பழகிவிட்டோம். 16ஆம் நூற்றாண்டில் மார்ட்டின் லூதர் அந்தச் சொல்லை மடத்தின் மதிலுக்கு வெளியே கொண்டுவந்து, செருப்பு தைப்பவருக்கும் பிள்ளை வளர்க்கும் தாய்க்கும் உரியதாக்கினார். கொள்கையளவில் நாம் எல்லோரும் அதை ஒத்துக்கொள்கிறோம். நடைமுறையில் இன்னும் பெரிய வாசல்களையே பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

வாசல் என்றதும் எனக்கு நினைவுக்கு வருபவர் கனடாவைச் சேர்ந்த ஆந்த்ரே பெஸ்ஸெத். 1845இல் கியூபெக்கில் பிறந்தவர், 12 வயதுக்குள் தாயையும் தகப்பனையும் இழந்தவர், நோஞ்சான் உடம்பு, எழுதப் படிக்கவும் பெரிதாகத் தெரியாது. செருப்பு தைத்தும் ரொட்டி சுட்டும் ஆலைகளில் உழைத்தும் எந்த வேலையிலும் உடம்பு நிலைக்கவிடாமல் அலைந்தவர், திருச்சிலுவைச் சபையில் சகோதரராகச் சேர வந்தபோது, இந்த உடம்பை வைத்துக்கொண்டு இவர் என்ன செய்வார் என்று அங்கேயும் முதலில் தயங்கினார்கள். கடைசியில் சேர்த்துக்கொண்டு, மான்ட்ரியலில் அந்தச் சபை நடத்திய கல்லூரியின் வாசல் காப்பவராக வைத்தார்கள். மடத்தில் சேர்ந்ததும் எனக்குக் கதவைக் காட்டினார்கள், நான் 40 ஆண்டுகள் அங்கேயே நின்றுவிட்டேன் என்று பிற்காலத்தில் அவரே வேடிக்கையாகச் சொல்வாராம். மணி அடித்தால் எழுந்து போய்த் தாழ் நீக்குவது, வந்தவர் யாரென்று கேட்பது, உள்ளே போய்ச் சொல்வது, கடிதங்களைக் கொண்டுபோய்க் கொடுப்பது, தரையைத் துடைப்பது என்று போன வாழ்க்கை.

வாசலுக்கு வருபவர்களில் நோயாளிகளும் மனம் உடைந்தவர்களும் இருந்தார்கள். அவர் அவர்கள் சொல்வதைக் கேட்டார். புனித யோசேப்பிடம் வேண்டிக்கொள்ளச் சொன்னார். சுகம் கிடைத்ததாகச் சொல்லிக்கொண்டு வந்தவர்கள் பெருகியபோது, குணமாக்கியவர் நீங்கள்தான் என்று யாராவது சொன்னால் அந்தச் சாதுவுக்குக் கோபம் வந்துவிடும். 1904இல் மலைச்சரிவில் அவர் முயற்சியால் எழுந்த சிறு ஜெபக்கூடத்திலிருந்துதான் இன்றைய பெரிய யோசேப்பு ஆலயம் வளர்ந்தது. 1937 ஜனவரியில் 91ஆம் வயதில் அவர் இறந்தபோது, உறைய வைக்கும் குளிரில் லட்சக்கணக்கானவர்கள் அவர் உடலைப் பார்க்க வரிசையில் நின்றார்கள். 2010இல் கத்தோலிக்கத் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. எனக்கு அந்தக் கூட்டத்தையும் பட்டத்தையும்விட மணி அடித்தபோதெல்லாம் எழுந்த அந்தக் கால்கள் பெரிதாகத் தெரிகின்றன. வேறு வேலை கொடுக்காததால் கொடுத்த வேலை அது. இது என் தகுதிக்குக் குறைவு என்றோ, இதற்கும் நான் தகுதியற்றவன் என்றோ சொல்லிக்கொண்டு அவர் அதில் நின்றதாகத் தெரியவில்லை. யார் வந்திருக்கிறார்கள் என்று பார்ப்பதிலேயே அவர் கவனம் இருந்தது. கோயிலைவிட முந்தியது கதவு.

ஆனால் எல்லா வாசல்களும் மலைமேல் ஆலயமாக முடிவதில்லை என்பதையும் உடனே சொல்லியாக வேண்டும். இல்லையென்றால் தாழ்மை, பெருமைக்குப் போகும் குறுக்குவழியாகிவிடும். தமஸ்குவில் இருந்த அனனியாவுக்குக் கிடைத்தது ஒரே ஒரு நாள் வேலை. நேர்த்தெருவில் யூதா என்பவனுடைய வீட்டில் சவுல் என்று ஒருவன் இருக்கிறான், போய் அவன்மேல் கை வை. (இது ராஜாவாகிய சவுல் அல்ல, பின்னாளில் பவுல் என்று அழைக்கப்பட்டவர்.) அனனியா தன் பயத்தை ஒளிக்கவில்லை. அந்த மனிதன் செய்த பொல்லாங்குகளைப் பலரிடம் கேள்விப்பட்டிருக்கிறேன் என்கிறான். போ என்று மறுபடியும் சொல்லப்பட்டதும் போகிறான். தன்னைப் போன்றவர்களைக் கட்டி இழுத்துப்போக வந்தவனின் தலைமேல் கைவைத்து, "சகோதரனாகிய சவுலே" என்று அழைக்கிறான். அந்த முதல் சொல்லுக்கு அவன் என்ன விலை கொடுத்திருப்பான் என்று நான் பலமுறை யோசித்ததுண்டு. அதோடு அவன் வேலை முடிந்தது. பவுலின் பயணங்களில் அவன் இல்லை, நிருபங்களில் அவன் பெயர் இல்லை. பின்னாளில் பவுல் தன் கதையைச் சொல்லும்போது ஒருமுறை நினைவுகூருகிறார், அவ்வளவுதான். இவ்வளவு சிறிய அழைப்புக்கா என்று அனனியா கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைப் பற்றி வேதாகமம் ஊகம் எதுவும் செய்யவில்லை, நானும் செய்யப்போவதில்லை.

அக்காவோடு நான் கடைசியில் போனது, அவர் முதல்முறை கேட்டதிலிருந்து பல மாதங்கள் கழித்து. மறுபடியும் கேட்டார், நேரம் இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். மனப்பாடம் செய்த ஒரு ஜெபம் என்னிடம் தயாராக இருந்தது. மருத்துவமனையின் நீண்ட அறையில், கட்டில்களுக்கு நடுவே போகும்போது அக்கா ஒவ்வொரு கட்டிலருகிலும் செய்ததையே செய்தார்: சுற்றும்முற்றும் பார்த்து, ஒரு குட்டையான முக்காலியைத் தேடிக் கொண்டுவந்து, அதில் உட்கார்ந்த பிறகே பேச ஆரம்பித்தார். ஏன் என்று கேட்டதற்கு, "நின்றுகொண்டு பேசினால் படுத்திருப்பவருக்குக் கழுத்து வலிக்கும் தம்பி" என்றார். வேறு விளக்கம் எதுவும் அவரிடம் இல்லை.

கடைசிக் கட்டிலில் ஒரு பெரியவர். தொண்டையில் ஏதோ சிகிச்சை நடந்திருந்ததால் அவர் குரல் வெறும் காற்றாகவே வந்தது. நான் கால்மாட்டில் நின்றுகொண்டு, எப்படி இருக்கிறீர்கள் ஐயா என்று கேட்டேன். அவர் உதடு அசைந்தது, ஒன்றும் கேட்கவில்லை. தலையாட்டிவிட்டு ஜெபத்தைத் தொடங்கலாம் என்று கண்ணை மூடப் போனேன். அக்கா ஒன்றும் பேசாமல் முக்காலியைக் காலால் என் பக்கம் தள்ளினார். உட்கார்ந்தேன். அது மிகவும் தாழ்வாக இருந்ததால் என் காது ஏறக்குறைய அவர் வாயருகே போய்விட்டது. "கண்ணாடி" என்றார் அவர். காலையில் கைதவறி விழுந்தது, கட்டிலுக்கு அடியில் எங்கேயோ கிடக்கிறது, வந்து போகிறவர்களிடமெல்லாம் சொல்லிப் பார்த்தேன், யாருக்கும் கேட்கவில்லை என்று நான்கைந்து மூச்சில் சொல்லி முடித்தார்.

முக்காலியை ஒதுக்கிவிட்டு முழங்காலில் விழுந்து, பிறகு வயிறு தரையில் படக் குனிந்து கையை நீட்டினேன். சுவரோரமாக, கட்டிலின் சக்கரத்துக்குப் பின்னால் கிடந்தது. ஒரு பக்கக் காம்பு கொஞ்சம் வளைந்திருந்தது. சட்டை நுனியால் தூசியைத் துடைத்து, காம்பை நிமிர்த்தி, அவர் காதில் மாட்டிவிட்டேன். அவர் சிறிது நேரம் கூரையைப் பார்த்தார், எதிர்ச் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார். மனப்பாடம் செய்திருந்த ஜெபத்தில் ஒரு வரியும் எனக்கு நினைவுக்கு வரவில்லை. அக்காதான் ஜெபித்தார், நான் ஆமென் சொன்னேன்.